மீட்டருக்கு இவ்வளவு

பெருவின் இந்தக் கரையில் மழை பெய்யாது.
மேகம் கடலிலிருந்து எழுந்து வந்து
ஆறு மாதம் கூரைமேல் உட்கார்ந்திருக்கும்,
துணியைக் காயவிடாது,
ஒரு துளி சிந்தவும் சிந்தாது.
மலையில் யாருக்கோ பெய்ததை
ஆறு ஜனவரியில் கலங்கலாய்க் கொண்டுவரும்.
ஏப்ரலில் வெறும் கல்.

மீதி மாதங்களுக்கு நான்.
எலெயூத்தேரியோ, ஆழ்துளைக் கிணறு.
லாரிக் கதவில் எழுதியிருக்கிறது,
ஓர் எழுத்து குறைவாக.

நிக்கோலாசா சும்பித்தாஸுக்கு மூன்று ஹெக்டேர்.
மூன்றிலும் பருத்தி.
பதினெட்டு மீட்டர்க் கிணற்றில்
பம்பு போன வாரம் காற்றைக் குடித்து இருமியது.
எவ்வளவு ஆழம் போகும் என்றாள்.
தண்ணீர் வரும்வரை என்றேன்.
எவ்வளவு ஆகும் என்றாள்.
மீட்டருக்கு இவ்வளவு.
அவள் பேரம் பேசவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் மீட்டர் வண்டல், வெண்ணெய் மாதிரி இறங்கும்.
இன்காக்களுக்கும் முந்தி யாரோ வெட்டிய வாய்க்கால்
இன்னும் அதன்மேல்தான் ஓடுகிறது.
கரும்பு வந்தது.
வெட்டுவதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள்,
தலைக்கு இவ்வளவு.
அவர்கள் விடுதலையானதும்
மக்காவ் துறைமுகத்திலிருந்து சீனர்கள், எட்டு வருட ஒப்பந்தம்,
ஒன்பதாம் வருடமும் கடன் அடையாமல்.
தீவுப் பறவைகளின் எச்சத்தை மூட்டை கட்டி
எருவாய் விற்றுக் கொழுத்த காசு ஒரு பக்கம்,
பிறகு பருத்தி,
பிறகு ஒரு ராணுவ அரசு வந்து
உழுகிறவனுக்கே நிலம் என்றது.
கூட்டுறவுச் சங்கம். அதன் டிராக்டர். டிராக்டரின் கடன்.
கடைசியில் பங்கு பிரித்த காகிதத்தில்
நூற்றுப் பதினான்காம் எண், சும்பித்தாஸ்.

இவ்வளவும் முதல் மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.
அதற்கும் நான் அதே கூலிதான் வாங்குகிறேன்.

பன்னிரண்டில் கூழாங்கல்.
ஆறு எப்போதோ இந்தப் பக்கம் புரண்டு படுத்திருக்கிறது.
இருபத்தாறில் களிமண், பிட் சிக்கியது,
அரை நாள் போயிற்று.
நிக்கோலாசா வேகவைத்த சோளம் கொண்டுவந்து வைத்தாள்,
குழியை எட்டிப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி.
கண்ணுக்கு எட்டியவரை அஸ்பாரகஸ்.
தண்ணீர்விட்டான் சாதிதான், ஆனால்
இது விடுவதில்லை.
விடியுமுன் அறுத்து, பனிநீரில் குளிப்பாட்டி,
அளவு வைத்து வெட்டி, ரப்பர் வளையம் மாட்டி
அன்றிரவே விமானத்தில் ஏற்றுவார்கள்.
வளையம் மாட்டுகிறவர்களில் ஒருத்தி
நிக்கோலாசாவின் மகள் யோவானா.
அந்தச் சம்பளத்தில்தான் என் மீட்டர்கள் ஓடுகின்றன.

கம்பெனிக் கிணறு நூற்றிருபது மீட்டர்.
போட்டவன் நான்.
அது அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்று எனக்கும் தெரியும்.

நாற்பத்தொன்றில் தண்ணீர் எழுந்தது.
வழக்கப்படி முதல் குவளை எனக்கு.
வாயில் வைத்தேன். துப்பவில்லை.
கடல் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்.
ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறமாதிரி
செருப்பைக் கழற்றாமல்
நிலத்தடியில் நடந்து வந்திருக்கிறது.

குவளையை வாங்கிக் குடித்தாள், முழுவதும்.
இந்த முறை அவரை போடலாமென்று இருந்தேன் என்றாள்.
அவரை இதைக் குடிக்காது.
பருத்தி குடிக்கும்.
பருத்திக்கு வாயில்லை.

பில் எழுதினேன். நாற்பத்தொன்று.
விரலை வைத்து நிறுத்தினாள்:
"கடைசி மீட்டரில் வந்தது கடல்.
கடலுக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?"
இப்போதுதான் பேரம் பேசுகிறாள் என்று நினைத்தேன்.
முகத்தைப் பார்த்தேன்.
நாற்பது என்று திருத்தினேன்.

லாரியில் ஏறும்போது போன் அடித்தது.
கம்பெனிப் பொறியாளர்.
நூற்றெண்பது வரை போக வேண்டும், எப்போது வருவாய் என்று கேட்பார்.
அவள் பருத்திக்குள் நின்று
ஈரமான குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது மணியில் எடுத்தேன்.